பூங்காவுக்கு ஒரு பெயர்

குழந்தைக்குப் பெயர் வைப்பது சுலபம். தாத்தாவின் பெயர் இருக்கிறது. குலதெய்வத்தின் பெயர் இருக்கிறது. இரண்டும் பிடிக்காவிட்டால் அந்த வருஷத்தில் பிரசித்தமாயிருக்கும் சினிமா நட்சத்திரத்தின் பெயர் இருக்கிறது. குழந்தை வளர்ந்து பெரியவனானதும், "இந்தப் பெயர் எனக்குப் பிடிக்கவில்லை" என்று கெஜட்டில் விளம்பரம் செய்து மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு. பூங்காவின் பாடு அப்படியல்ல. அதற்கு வாய் கிடையாது. எந்தப் பெயரை எழுதி வாசலில் மாட்டினாலும் சுமந்துகொண்டு நிற்கும். நாற்பது வருஷம் கழித்து ஒரு கூட்டத்தார் வந்து அந்தப் பலகையைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டினால், அதையும் சுமந்துகொண்டு நிற்கும்.

ஆனாலும் ஓர் ஊரில் புதிதாகப் பூங்கா வருகிறதென்றால் முதல் தகராறு மரத்தைப் பற்றி வருவதில்லை. தண்ணீரைப் பற்றி வருவதில்லை. பெயரைப் பற்றித்தான் வருகிறது. அடிக்கல் நாட்டுவதற்கு முன்பே நான்கு பெயர்கள் கிளம்பிவிடும். இந்தத் தகராறை அற்பமானது என்று சொல்லிச் சிரித்துவிடலாம். நான் சிரிக்கப் போவதில்லை. பெயரில் ஏதோ இருக்கிறது என்று நம் ஜனங்கள் நினைப்பது சரிதான். என்ன இருக்கிறது என்பதைத்தான் சற்று விசாரித்துப் பார்க்க வேண்டும். அதற்குச் சரித்திரத்தைவிட நல்ல சாட்சி கிடையாது.

விசாரணையைத் தருமபுரி ஜில்லாவில், அரூருக்குப் பக்கத்தில் இருக்கும் தீர்த்தமலையிலிருந்து தொடங்கலாம் என்று நினைக்கிறேன். பெயர் வைக்கும் கலையில் அந்த மலையைப் போன்ற நல்ல உபாத்தியாயர் வேறு யாரும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அந்த மலைமேல் தீர்த்தகிரீசுவரர் கோயில் கொண்டிருக்கிறார். அம்பிகைக்கு வடிவாம்பிகை என்று பெயர். அருணகிரிநாதர் வந்து பாடிய தலம் அது. மலையில் இராமர் தீர்த்தம், குமார தீர்த்தம், கௌரி தீர்த்தம், அகஸ்தியர் தீர்த்தம், அக்கினி தீர்த்தம் என்று பல சுனைகள். ஸ்தல புராணம் சொல்லும் கதை இது: இலங்கையில் யுத்தம் முடிந்து திரும்பிய இராமபிரான் இங்கே சிவபூஜை செய்ய விரும்பினார். கங்கை ஜலம் கொண்டுவரப் போன அனுமார் வந்து சேர நேரமாகிவிட்டது. பூஜை வேளை தவறக் கூடாதே என்று இராமர் பாறையைக் குறிபார்த்து ஓர் அம்பு விட்டார், நீர் பெருகிற்று. பின்னால் வந்து சேர்ந்த அனுமாருக்குக் கோபம். தாம் அவ்வளவு தூரம் போய்ச் சுமந்து வந்த ஜலத்தை அப்படியே வீசியெறிந்தார். அது போய் விழுந்த இடந்தான் தென்பெண்ணைக் கரையிலுள்ள அனுமன்தீர்த்தம்.

கதையை நம்புகிறவர்கள் நம்பட்டும். நம்பாதவர்கள் அதை ஒரு நல்ல கதையாகவாவது அனுபவிக்கட்டும். நமக்கு இங்கே வேண்டியது ஒரு சின்ன விஷயம். இராமர் அம்பு விட்டதாகச் சொல்கிறார்கள்; ஆனால் மலைக்கு இராமர்மலை என்று பெயர் வரவில்லை. கோபித்துக்கொண்டவர் அனுமார், கோபமலை என்றும் வரவில்லை. வறண்ட சீமையில், வெயிலில் ஏறிவரும் மனிதனுக்குப் பாறையிலிருந்து சொட்டும் நீர்தான் பெரிய விஷயமாகப் பட்டது. ஆகவே அது தீர்த்தமலை ஆயிற்று. முன்மொழிந்தவரும் இல்லை, வழிமொழிந்தவரும் இல்லை. பலகை மாட்டியவரும் இல்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இதற்கு நேர்மாறான ஒரு பெயரும் அதே வட்டாரத்துக்கு இடப்பட்டதுண்டு. சோழ சாம்ராஜ்யம் உச்சியில் இருந்த காலத்தில், இன்றைய தருமபுரிப் பக்கத்தையும் உள்ளிட்ட நுளம்பபாடி அவர்கள் கைக்கு வந்தது. ஜயித்த நாட்டுக்குத் தங்கள் விருதுப் பெயரை இடுவது சோழர்களின் வழக்கம். நுளம்பபாடிக்கு அவர்கள் இட்ட பெயர் 'நிகரிலிச் சோழ மண்டலம்'. நிகரில்லாத சோழனின் மண்டலம்! எவ்வளவு கம்பீரமான பெயர்! கல்வெட்டுகளில் அழகாக வெட்டியும் வைத்தார்கள். இன்றைக்கு அரூர்ச் சந்தையில் நின்றுகொண்டு, "நிகரிலிச் சோழ மண்டலத்துக்கு எந்த பஸ்ஸில் போக வேண்டும்?" என்று கேட்டுப் பாருங்கள். தீர்த்தமலைக்கு என்று கேட்டால் ஒரு சிறு பையன் கூட வழி சொல்லுவான்.

சோழர்கள் மேல் எனக்கு ஒரு விரோதமும் இல்லை. அவர்கள் வெறும் பெயரை மட்டும் வைத்துவிட்டுப் போனவர்கள் அல்லர். ஏரி வெட்டிவிட்டுப் பெயர் வைத்தவர்கள். அந்தப் பெயர்களுக்கு என்ன நேர்ந்தது என்று பார்ப்பது சுவாரசியமாயிருக்கும். 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு, வந்தியத்தேவன் ஆடிப் பெருக்கன்று குதிரையேறி வந்த வீரநாராயண ஏரிக் கரை நினைவிருக்கும். முதலாம் பராந்தகனுக்கு வீரநாராயணன் என்று ஒரு விருதுப் பெயர். அதைத் தாங்கிய அந்த ஏரி இன்றும் கடலூர் ஜில்லாவில் இருக்கிறது. 2004-ம் ஆண்டிலிருந்து சென்னைப் பட்டணத்துக்குக் குடிநீரும் கொடுத்து வருகிறது. ஆனால் அதன் பெயர் இப்போது வீராணம். ஆயிரம் வருஷமாக வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியவர்கள், நீளமான பெயரின் முனைகளைத் தேய்த்து, வாய்க்கு அடக்கமாக ஆக்கிக்கொண்டு விட்டார்கள். கூழாங்கல்லை ஆறு தேய்ப்பது போலத்தான்.

பராந்தகனுக்காவது பாதிப் பெயர் மிஞ்சிற்று. கங்கை வரையில் சேனையை அனுப்பி வெற்றி கொண்ட இராஜேந்திரன், கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அருகில் ஒரு மாபெரும் ஏரியை அமைத்து அதற்குச் 'சோழகங்கம்' என்று பெயரிட்டான். தண்ணீராலேயே ஆன ஜயஸ்தம்பம் என்று அதைத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் வர்ணிக்கின்றன. சக்கரவர்த்தியின் வெற்றித் தூணுக்குச் சுற்றுவட்டாரத்து உழவர்கள் இட்ட பெயர் பொன்னேரி. இராஜேந்திரனுக்கு அது வெற்றி. உழவனுக்கு அது பொன். உழவன் தனக்கு வேண்டியதையே பெயராக வைத்துக்கொண்டான்.

ஆகவே பெயர்கள் இரண்டு ஜாதி. கொடுத்தவனைப் பார்த்து வைத்த பெயர் ஒன்று. அனுபவிக்கிறவன் வைத்த பெயர் மற்றொன்று. பூங்காக்களின் கதைக்கு வரும்போது இந்த வித்தியாசத்தை ஞாபகத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

* * *

சோலையும் நந்தவனமும் நம் நாட்டுக்குப் புதியவை அல்ல. ஆனால் சோலை அரசனுடையது, நந்தவனம் சுவாமியுடையது. யார் வேண்டுமானாலும் உள்ளே நுழைந்து, யாரையும் கேட்காமல் ஒரு மரத்தடியில் உட்காரலாம் என்னும் நகரசபைப் பூங்கா பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் இங்கே வந்தது. சென்னையில் அதைத் தொடங்கி வைத்தவர் 1859-ம் ஆண்டில் கவர்னராக வந்த சர் சார்லஸ் டிரெவில்யன். நூறு ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் குளங்களும் பாதைகளுமாக அமைந்த அந்தத் தோட்டத்துக்குக் கவர்னரின் பெயரை வைக்கவில்லை. 'பீப்பிள்ஸ் பார்க்', அதாவது ஜனங்களின் பூங்கா என்று பெயர் வைத்தார்கள்.

இதைவிட நல்ல பெயர் இருக்க முடியுமா என்று கேட்கத் தோன்றும். ஆனால் ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அங்கே ஒரு மிருகக் காட்சிசாலை வந்து சேர்ந்தது. எழும்பூரில் ஏற்கெனவே பாடம் செய்த மிருகங்களை வைத்த மியூசியம் இருந்தது. பட்டணத்து ஜனங்கள் மியூசியத்துக்குச் 'செத்த காலேஜ்' என்றும், மிருகக் காட்சிசாலைக்கு 'உயிர் காலேஜ்' என்றும் பெயர் வைத்தார்கள். எந்தப் புலவரும் இவ்வளவு சுருக்கமாகவும் சரியாகவும் வைத்திருக்க முடியாது! அந்த மிருகக் காட்சிசாலை பிற்பாடு வண்டலூருக்குப் போய், 1985-ம் ஆண்டில் அறிஞர் அண்ணா விலங்கியல் பூங்கா என்ற பெயரில் திறக்கப்பட்டது. குழந்தைகளை அழைத்துக்கொண்டு போகிறவர்கள் இன்றும் "வண்டலூருக்குப் போகிறோம்" என்றுதான் சொல்கிறார்கள்.

ஜனங்களின் பூங்கா என்னும் பெயர் அந்த நிலத்தைக் காப்பாற்றியதா என்றால், அதுவும் இல்லை. விக்டோரியா பொது மண்டபத்துக்குக் கொஞ்சம், மூர் மார்க்கெட்டுக்குக் கொஞ்சம், 1913-ல் திறக்கப்பட்ட நகரசபையின் ரிப்பன் மாளிகைக்குக் கொஞ்சம், விளையாட்டு அரங்கத்துக்குக் கொஞ்சம் என்று அறுத்துக் கொடுத்துக்கொண்டே வந்தார்கள். ஜனங்கள் என்று பொதுவாகச் சொன்னால் அது யாரையும் குறிப்பதில்லை அல்லவா? யாரும் கேட்க வரவில்லை.

டிரெவில்யனுக்குப் பின்னால் வந்தவர்களுக்கு அவ்வளவு அடக்கம் இருக்கவில்லை. சிந்தாதிரிப்பேட்டையில் நேப்பியர் பிரபுவின் பெயரால் ஒரு பூங்கா. ராயபுரத்தில் ராபின்சன் என்னும் வெள்ளைக்கார அதிகாரியின் பெயரால் ஒரு பூங்கா. 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் முதல் பொதுக்கூட்டம் நடந்தது அந்த ராபின்சன் பூங்காவில்தான். அங்கே கூடி நின்றவர்களில் எத்தனை பேருக்கு ராபின்சன் யார் என்று தெரிந்திருக்கும்? பின்னால் அது அறிஞர் அண்ணா பூங்கா ஆயிற்று. நேப்பியர் பூங்கா மே தினப் பூங்கா ஆயிற்று. இந்த மாறுதல்களில் ஒரு நியாயம் இருக்கிறது. யாரோ ஒரு கவர்னரின் ஞாபகத்தைவிட, அதே இடத்தில் நடந்த ஒரு சம்பவத்தின் ஞாபகம் அந்த மண்ணுக்கு நெருக்கமானது.

ஆனால் பெயரை மாற்றினால் வாய் மாறிவிடும் என்று நினைப்பதற்கில்லை. தருமபுரியிலிருந்து ரயிலேறினால் சில மணி நேரத்தில் போய்விடக்கூடிய பெங்களூரிலே பாருங்கள். 1870-ல் அமைத்த பெரிய பூங்காவுக்கு முதலில் மீட் என்னும் கமிஷனரின் பெயரும், பிறகு அவருக்கு முந்தியவரான கப்பன் துரையின் பெயரும் இடப்பட்டன. 1927-ல் மைசூர் மகாராஜாவின் பட்டாபிஷேக வெள்ளி விழாவின்போது, ஸ்ரீ சாமராஜேந்திரப் பூங்கா என்று முறைப்படி பெயர் மாற்றினார்கள். மாற்றிக் கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆகப் போகிறது. ஆட்டோக்காரரிடம் சாமராஜேந்திரப் பூங்கா என்று சொல்லிப் பாருங்கள், உங்கள் முகத்தைப் பார்த்து, "கப்பன் பார்க்கா?" என்று கேட்பார்.

* * *

இதுவரையில் சொன்னதெல்லாம் வேடிக்கை. இனிமேல் சொல்லப் போவது வேடிக்கை அல்ல.

சென்னை தியாகராய நகரின் நடுநாயகமாகப் பனகல் பூங்கா இருக்கிறது. 1921 முதல் 1926 வரையில் சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியாக இருந்த பனகல் ராஜாவின் ஞாபகார்த்தம் அது. சற்றுத் தூரத்தில் நடேசன் பூங்கா. டாக்டர் நடேச முதலியார் ஜஸ்டிஸ் கட்சியை உருவாக்கியவர்களில் ஒருவர். வெளியூர்களிலிருந்து படிக்க வந்து, சாதி காரணமாகத் தங்க இடம் கிடைக்காமல் தவித்த மாணவர்களுக்குத் திருவல்லிக்கேணியில் விடுதி ஏற்படுத்தியவர். இருவரும் கௌரவத்துக்கு உரியவர்களே. நகரின் பெயரே பிட்டி தியாகராய செட்டியாரின் பெயர்தான். தெருக்களுக்கெல்லாம் அந்தக் காலத்துப் பிரமுகர்களின் பெயர்களைத் தாராளமாக வழங்கியிருக்கிறார்கள்.

ஒரே ஒருவரை மட்டும் மறந்துவிட்டார்கள். அந்த நிலத்தின் பழைய சொந்தக்காரியை. ஏரியை!

தியாகராய நகர் முழுவதும் ஓர் ஏரியின் வயிற்றில் கட்டிய நகரம். மாம்பலத்திலிருந்து நுங்கம்பாக்கம் வரையில் நீண்டு கிடந்ததால் வெள்ளைக்காரர்கள் அதை 'லாங் டாங்க்', நீள ஏரி என்றார்கள். அதில் படகுப் பந்தயம் கூட நடத்தினார்கள். 1920-ல் நகர அமைப்புச் சட்டம் வந்தது. வளர்ந்து வரும் பட்டணத்துக்கு வீட்டுமனை வேண்டியிருந்தது. 1923-ம் ஆண்டை ஒட்டி ஏரியை வடித்து மனை போட ஆரம்பித்தார்கள். நுங்கம்பாக்கம் பக்கத்தில் மீதியிருந்த நீரும் காலக்கிரமத்தில் மறைந்தது. அங்கே 1976-ல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. இப்போது ஏரிக்கு என்ன மிச்சம்? நுங்கம்பாக்கத்தில் 'லேக் ஏரியா' என்று சில தெருக்கள். மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்று ஒரு சாலை. ஏரி தெரிகிறதா என்று பார்த்தால் மளிகைக் கடையும் மருந்துக் கடையும் தெரிகின்றன. இருந்தாலும் அந்தச் சாலையின் பெயரை நான் மதிக்கிறேன். அந்தப் பக்கத்தில் உண்மை பேசும் சாட்சி அது ஒன்றுதான்.

மனிதர்கள் மறந்தாலும் தண்ணீர் மறப்பதில்லை. 2021 நவம்பர் மழையில் தியாகராய நகரின் சாலைகளில் முழங்கால் அளவு வெள்ளம் நின்றது. "தண்ணீர் ஊருக்குள் புகுந்துவிட்டது" என்று பத்திரிகைகள் எழுதின. தண்ணீரைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லியிருக்கும். "ஊர்தான் எனக்குள் புகுந்தது" என்று சொல்லியிருக்கும்.

ஏரி போகாமல் இருந்திருந்தால் நல்லதுதான். நூறு வருஷத்துக்கு முந்திய காரியத்தை இப்போது மாற்ற முடியாது. ஆனால் நடுவில் மிஞ்சிய அந்த எட்டு ஏக்கர் பசுமைக்காவது, மாம்பலம் ஏரிப் பூங்கா என்று பெயர் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அங்கே விளையாடப் போகும் குழந்தை ஒரு நாள், "ஏரி எங்கே அப்பா?" என்று கேட்டிருக்கும். அப்பா பதில் சொல்லியே தீர வேண்டியிருந்திருக்கும். மூன்று தலைமுறையாக அந்தக் கேள்வி கேட்கப்பட்டிருந்தால், பட்டணத்தைச் சுற்றிலும் பின்னால் தூர்ந்துபோன ஏரிகளில் ஒன்றிரண்டாவது பிழைத்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். குட்டையின் பெயரைப் பலகையில் எழுதி வைத்துவிட்டு அந்தக் குட்டையைத் தூர்ப்பதற்கு மனிதனுக்குக் கொஞ்சம் அதிகமான துணிச்சல் வேண்டும்.

பெயரில் இருப்பது இதுதான். பெயர் ஓர் அலங்காரம் அல்ல. அது ஒரு சாட்சி.

* * *

இன்னொரு விஷயத்தையும் யோசிக்க வேண்டும். பூங்கா என்பது, முன்பின் தெரியாத இரண்டு பேர் ஒரே பெஞ்சியில் உட்காரும் இடம். நம் ஊர்களில் அப்படிப்பட்ட இடங்கள் அதிகம் இல்லை. கோயிலிலும் கல்யாணத்திலும், ஏன், சுடுகாட்டிலும் கூட யார் எங்கே நிற்க வேண்டும் என்பதற்குக் கணக்கு இருந்தது. பூங்காவின் வாசலில் அந்தக் கணக்கு செல்லாது என்பதுதான் அதன் பெருமை. அப்படியானால் வாசலிலுள்ள பெயரைப் பார்த்து, "இது அவர்களுடைய இடம், நம்முடையதல்ல" என்று யாரும் திரும்பிப் போகக் கூடாது.

இது வீண் கவலை என்று நினைப்பவர்கள் 1997-ம் ஆண்டை நினைத்துப் பார்க்க வேண்டும். அதுவரை தமிழ்நாட்டில் ஜில்லாக்களுக்கும் அரசாங்க பஸ் கம்பெனிகளுக்கும் பெரியோர்களின் பெயர்களை வைத்து வந்தார்கள். தருமபுரிப் பக்கத்து பஸ்களுக்கு அன்னை சத்யா என்று பெயர். அந்த வருஷத்தில், கட்டபொம்மனின் தளபதிகளில் ஒருவராய் இருந்து உயிர்விட்ட வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரைத் தெற்கே ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வைத்தார்கள். தேசத்துக்காக உயிர் கொடுத்தவனின் பெயர். ஆனால் அவன் ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவன். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று சிலர் கிளம்பினார்கள். கலவரம் மூண்டது, உயிர்கள் போயின. கடைசியில் அரசாங்கம் ஜில்லாக்கள், போக்குவரத்துக் கழகங்கள் எல்லாவற்றிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் எடுத்துவிட்டது. ஒரு பெயரைச் சகிக்க முடியாததற்காக எல்லாப் பெயர்களும் போயின.

இதில் வெட்கப்பட வேண்டியவர் சுந்தரலிங்கம் அல்ல; பஸ்ஸில் ஏற மறுத்தவர்கள். அவர்களுக்குப் பயந்துகொண்டு நாம் இனிமேல் மனிதர்களின் பெயர்களையே வைக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மனிதரின் பெயரை வைப்பதானால், அவர் அந்த இடத்துக்கு என்ன செய்தார் என்பதையும் சேர்த்து எழுதி வைக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். நடேசன் பூங்காவில் காலையில் ஓடுகிற வாலிபர்களில் எத்தனை பேருக்கு அந்த மாணவர் விடுதியின் கதை தெரியும்? தெரிந்தால் அவர் யார் கட்சி, யார் சாதி என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடும். காரியம் தெரியாதபோதுதான் நாம் குலத்தை விசாரிக்கிறோம்.

தருமபுரிச் சீமையின் பழைய அரசன் ஒருவன் இதற்கு அழகான உதாரணம் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியை நம் எல்லாருக்கும் தெரியும். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவன். 1981-ல், தென்பெண்ணை ஆறு ஓடும் திருக்கோவலூர்ப் பக்கத்தில், ஜம்பை என்னும் கிராமத்துக் குன்றில் ஒரு தமிழ்-பிராமிக் கல்வெட்டைக் கண்டுபிடித்தார்கள். அசோகரின் சாசனங்கள் கூறும் 'சத்தியபுத்திரர்' யார் என்று வெகு காலமாக இருந்த சந்தேகத்தை அது தீர்த்து வைத்தது. ஒரே ஒரு வரி. சத்தியபுத்திரனாகிய அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த 'பாளி' இது என்பதுதான் அதன் விஷயம். பாளி என்றால் துறவிகள் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கிப் படுத்துக்கொள்ளும் குகையிடம். எத்தனையோ போர்களை ஜயித்த அரசன். அவற்றில் ஒன்றைப் பற்றியும் அந்தக் கல் பேசவில்லை. வழிப்போக்கர் தலை சாய்க்க ஓர் இடம் கொடுத்தான் என்று மட்டும் சொல்லுகிறது. ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷமாக அந்தப் பெயர் நிற்கிறது. கொடுத்தவன் பெயரும் கொடுத்த பொருளும் ஒரே வரியில் இருக்கின்றன அல்லவா? மனிதரின் பெயரை வைக்க இதுவே வழி.

பெயரே வைக்காமல் போன ஒருவரும் அதே சீமையில் உண்டு. 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் கம்பெனியாரின் கைக்கு வந்தபோது, நிலவரி ஏற்பாட்டுக்காகக் காப்டன் ரீடுக்கு உதவியாக வந்தவர் தாமஸ் மன்றோ. 1799 வரையில் தருமபுரியில் இருந்தார். வீட்டை ஒட்டி ஒரு தோட்டம் போட்டார். தினந்தோறும் ஒரு மணி நேரமாவது அதில் செலவழித்ததாகவும், அதைவிட்டுப் போவது பழைய நண்பர்களைப் பிரிவது போல் இருப்பதாகவும் ஊருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் அவர் சென்னையின் கவர்னரானார். பட்டணத்தில் அங்கவடி இல்லாத குதிரைமேல் சிலையாக உட்கார்ந்திருக்கிறார். ஆனால் அந்தத் தோட்டத்துக்குத் தம் பெயரை வைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. தாமே தண்ணீர் விட்டு வளர்த்தவனுக்குப் பலகை தேவைப்படுவதில்லை போலும்.

* * *

ஆகவே, தீர்த்தமலையைப் போன்ற ஓர் ஊரில் நாளைக்கு ஒரு பூங்கா அமைவதானால் பெயருக்கு எங்கே போவது?

முதலில் நிலத்தைக் கேட்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேடு என்று ஒரு புத்தகம் இருக்கிறது. ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் எதிரே அது புஞ்சையா, நஞ்சையா, புறம்போக்கா, புறம்போக்கு என்றால் குட்டையா, ஓடையா, களமா என்று எழுதியிருக்கும். நாவலாசிரியர்கள் எழுதியதைவிடச் சுவையான சரித்திரம் அதில் உண்டு. பூங்கா வரப்போகும் இடத்துக்கு எதிரே 'குட்டை' என்று எழுதியிருந்தால், பெயர் பாதி கிடைத்துவிட்டது. பூங்கா அங்கே வரலாமா என்னும் கேள்வியும் கூடவே கிடைத்துவிடும், அதுவும் நல்லதே.

அடுத்தபடியாக ஊரிலுள்ள மிக வயதான பாட்டியைக் கேட்க வேண்டும். அந்தக் குட்டையில் மாடு குளிப்பாட்டிய காலத்தில் அதை என்னவென்று சொன்னார்கள், பக்கத்துப் புளியமரத்தடியை என்னவென்று சொன்னார்கள் என்று அவளுக்குத்தான் தெரியும். காலனித் தெருப் பாட்டி ஒரு பெயர் சொல்லி, மேலத்தெருப் பாட்டி வேறு பெயர் சொன்னால், இரண்டையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இதுவரை எழுதி வைத்தவையெல்லாம் பெரும்பாலும் மேலத்தெருப் பெயர்களாகவே இருந்திருக்கின்றன.

பிறகு கிராம சபையைக் கூட்ட வேண்டும். 2022 முதல் தமிழ்நாட்டில் கிராம சபை வருஷத்துக்கு ஆறு நாள் கூடுகிறது. அந்த ஆறில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். தீர்த்தத்தைப் பெயரிலேயே வைத்திருக்கும் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான நாள் வேண்டுமா? கூட்டத்தில் பிரமுகர்களின் பெயர்கள் வரத்தான் வரும். ஒவ்வொரு பெயருக்கும் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "இவர் இந்த இடத்துக்கு என்ன கொடுத்தார்?" பதில் ஒரு வரியில் வந்தால், அதியமான் கல்வெட்டு மாதிரி அந்த வரியையும் சேர்த்துப் பலகையில் எழுதலாம். பதில் ஒரு மணி நேரப் பிரசங்கமாக வந்தால், அடுத்த பெயருக்குப் போய்விடலாம்.

இவ்வளவும் செய்ய முடியாவிட்டாலும் குற்றமில்லை. பூங்காவில் ஒரு குழாய் போட்டு, அதில் சித்திரை வைகாசியிலும் தண்ணீர் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும். நாலு நிழல்மரம் வைத்து, அவற்றைப் பட்டுப்போகாமல் காப்பாற்றட்டும். பெயரை அங்கே தண்ணீர் குடிக்க வருகிறவர்கள் வைத்துவிடுவார்கள். மலைக்கு வைத்தவர்களுடைய பேரப் பிள்ளைகள்தானே அவர்களும்!